ஆரிகன் கடிதம்: பத்தாயிரம் கோடி பேர் குடியிருக்கும் ஃபிரிட்ஜ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஆரிகன் மாநிலத்துக்கு அதிகாரபூர்வமான பறவை உண்டு, விலங்கு உண்டு, மரம் உண்டு. 2013 முதல் அதிகாரபூர்வமான நுண்ணுயிரும் உண்டு. சட்டமன்றம் முறையாகத் தீர்மானம் நிறைவேற்றி, அந்தப் பதவியைச் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்டுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு நுண்ணுயிருக்கு இந்த மரியாதை செய்த முதல் மாநிலம் இதுதான். பீர்த் தொழில் இங்கே கொண்டுவரும் வருமானம்தான் காரணம். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அந்தப் பனையில் கட்டிய கலயத்துக்குள் அழைக்காமலே வந்து கள்ளைப் புளிக்கவைப்பதும் பெரும்பாலும் இதே ஈஸ்ட்தான். மரத்துக்குப் பட்டம் கொடுத்த அரசு, அதன் கலயத்தில் வேலை பார்க்கிறவருக்கு அனுமதிகூடக் கொடுக்கவில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது உடன்குடிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஞ்ஞானம். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டால் பெருக முடியாது. தடவாத கலயத்திலோ, பாளையிலும் காற்றிலும் மண்கலயத்தின் துளைகளிலும் இருப்பவை இறங்கி, விடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிடும். பீரில் இப்படி வருகிறதை நம்பியிருப்பது பெரும்பாலும் செல்லாது. பிரசல்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள சில ஆலைகளில் லாம்பிக் என்ற புளிப்புப் பீரை மட்டும் இன்றும் காற்றை நம்பிச் செய்கிறார்கள். அதற்கு வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். மற்றவற்றுக்கெல்லாம் எந்த ஈஸ்ட், எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். போர்ட்லாந்தில் வீட்டில் பீர் செய்கிறவர்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதற்காக புதன்கிழமையே ஈஸ்ட்டைக் கவனிக்கத் தொடங்குவது இதனால்தான்.

வீட்டில் பீர் என்றதும் பெரியம்மா பயந்துவிட வேண்டாம். இது சட்டத்துக்கு உட்பட்ட காரியம். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் செய்துகொள்ள அனுமதி வந்தது, பீருக்கு வரவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. 1979 பிப்ரவரியிலிருந்து, வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் செய்துகொள்ளலாம். 200 காலன் என்பது சுமார் 757 லிட்டர். விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மாநிலங்களும் தனித்தனியே சம்மதிக்க வேண்டியிருந்ததால் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. காய்ச்சி வடிக்கும் சரக்குக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. தெருவில் செய்தி வேறு மாதிரிப் பரவுவதற்குள் பெரியப்பா இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பீரின் முதல் பாதி வெறும் சமையல். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து ஆற்றினால் கிடைப்பது வோர்ட். வழக்கமான வீட்டு அளவு 5 காலன், அதாவது 19 லிட்டர். போதை துளியும் இல்லாத, இனிப்பும் கசப்புமான பழுப்புத் தண்ணீர் அது. விரதக்காரரும் ஆட்சேபிக்க முடியாது. புல் ரன் காட்டிலிருந்து வரும் உப்புக் குறைந்த குழாய்த் தண்ணீரைப் பற்றியும், வில்லமெட் பள்ளத்தாக்கில் விளையும் ஹாப்ஸைப் பற்றியும் போர்ட்லாந்துக்காரர்கள் மணிக்கணக்கில் பெருமை பேசுவார்கள். ஆனால் ருசியில் பெரும்பங்கு ஈஸ்ட்டுடையது. ஒரே வோர்ட்டை இரண்டு வாளியில் பிரித்து, ஒன்றில் ஜெர்மன் கோதுமைப் பீருக்கான ஈஸ்ட்டையும் மற்றதில் ஏல் என்ற பீர் வகைக்கான அமெரிக்க ஈஸ்ட்டையும் விட்டால், முதல் வாளி வாழைப்பழமும் கிராம்புமாக மணக்கும். இரண்டாவதில் அந்த மணம் வராது. மால்ட்டும் ஹாப்ஸும்தான் தெரியும். வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்பு மணம் 4-வினைல் குவாயகால். இரண்டையும் செய்வது ஈஸ்ட். சூடு கூடினால் வாழைப்பழம் ஓங்கும், குறைந்தால் கிராம்பு ஓங்கும்.

இத்தனை வேலை செய்கிற ஜீவனை மனிதன் அடையாளம் கண்டது மிகத் தாமதமாகத்தான். 1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்றது. ஈஸ்ட்டின் பேரே அதில் இல்லை. 1876இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, பீர் கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் என்று காட்டினார். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்கித் தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்று கடையில் கிடைக்கும் ஒவ்வொரு ஈஸ்ட் பாக்கெட்டும் அந்த வித்தையின் வாரிசு. ஹான்சன் வளர்த்தது குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட். அது கலப்பினம் என்பது பின்னால் தெரிந்தது. அதன் ஒரு மூதாதை ஏல் ஈஸ்ட். இன்னொரு மூதாதையை விஞ்ஞானிகள் தென் அமெரிக்காவின் கோடியில், பட்டகோனியாக் காட்டில் கண்டுபிடித்து 2011இல்தான் அறிவித்தார்கள்.

கடையில் ஈஸ்ட் இரண்டு விதமாகக் கிடைக்கும். 11.5 கிராம் பாக்கெட்டில் உலர்ந்த தூள் ஒன்று. விலை குறைவு, நாள்பட இருக்கும், ஒரு பாக்கெட்டைக் கிழித்துத் தூவினால் சாதாரணப் பீருக்குப் போதும். விவேகமுள்ள மனிதன் அதோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் திரவ ஈஸ்ட்டில் இருக்கும் வகைகளில் பாதிகூடத் தூளில் கிடைக்காது. லண்டன் கசப்பு ஏலுக்கு ஒன்று, ஐரிஷ் கறுப்பு பீருக்கு ஒன்று, பெல்ஜிய மடத்துப் பீருக்கு ஒன்று என்று நம்பர் போட்ட பட்டியல் நீளும். போர்ட்லாந்து ஹோம்ப்ரூ ஆசாமிகளுக்கு 1056 என்றாலோ 3068 என்றாலோ போதும், பேர் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நம்பர்கள் பிறக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஹூட் மலையின் நிழலில், பேரிக்காய்த் தோட்டங்கள் நிறைந்த ஹூட் ரிவர் பள்ளத்தாக்கில், வையீஸ்ட் என்ற ஆய்வுக்கூடம் 1986இல் தொடங்கியது. அதன் சரக்கு 125 மில்லி கொள்ளும் அலுமினியப் பை. பைக்குள் ஈஸ்ட் கலந்த கூழ். அதற்குள் சத்துச் சாறு நிரப்பிய இன்னொரு குட்டிப் பை. வெளிப்பையைத் திறக்காமலே உள்பையை உடைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி அறைவதுதான். பையை மேஜையில் படுக்கவைத்து, குட்டிப் பை எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை. பகலில் நாற்பது பேரை வைத்து மேய்க்கும் மேனேஜர், இரவு சமையலறையில் நின்று ஒரு பாக்கெட்டை அறைந்து, காதோரம் வைத்துக் குலுக்கி, உடைந்ததா என்று மறுபடி தடவிப் பார்ப்பது இங்கே சாதாரணக் காட்சி. உடைந்திருந்தால் ஈஸ்ட் கண்விழித்துச் சாற்றைத் தின்று கரியமில வாயுவை விட, சில மணி நேரத்தில் பை தலையணை மாதிரி உப்பும். உப்பாவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல நேரம் அறை விழுந்த இடம்தான் தவறு.

ஒரு பையில் குறைந்தது பத்தாயிரம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கு. ஊரில் இந்த மாதிரித் தொகை பட்ஜெட்டிலும் ஊழல் செய்தியிலும்தான் அடிபடும். இங்கே அது ஃபிரிட்ஜில் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜில் இருந்தாலும் ஆள் குறைந்துகொண்டே வரும். மாதத்துக்குச் சுமார் 20 சதவீதம் போய்விடும் என்பது வீட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. அப்படியானால் மூன்று மாதப் பழைய பையில் மிச்சம் கிட்டத்தட்ட பாதி. அதனால் பையில் அச்சிட்ட தேதியைப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஃபிரீசரில் வைத்தால் செல்கள் உறைந்து வெடித்து மொத்தமும் வீணாகும். கோடையில் தபாலில் வரவழைத்தால் ஐஸ் பொதிக்குத் தனியே காசு கொடுக்க வேண்டும்.

இனித் தேவை எவ்வளவு என்ற கணக்கு. ஏல் வகைக்கு, ஒரு மில்லி வோர்ட்டில் சர்க்கரையின் அடர்த்தியை அளக்கும் பிளேட்டோ அளவில் ஒவ்வொரு டிகிரிக்கும் 7.5 லட்சம் செல்கள் வேண்டும் என்பது வழக்கு. குளிரில் வேலை பார்க்கும் லாகருக்கு அதன் இரட்டிப்பு. நடுத்தரப் பீரின் வோர்ட் 12 பிளேட்டோ இருக்கும். 19 லிட்டருக்குப் பெருக்கினால் ஏலுக்கு 17,100 கோடி, லாகருக்கு 34,200 கோடி. புத்தம் புதிய பையிலேயே பத்தாயிரம்தான். ஆக, முதல் நாளே பற்றாக்குறை பட்ஜெட். போர்ட்லாந்திலேயே இருக்கும் இன்னொரு கம்பெனி ஒரு பையில் இருபதாயிரம் கோடி போட்டு விற்பது இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கு முன்னால் நூறு பேரை உட்காரவைத்தால், அவர்கள் குட்டி போட்டுப் பெருகி, பிறகு சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஈஸ்ட் அதைச் செய்யும்; செய்யும்போது மூச்சு முட்டும். அந்த அவசரத்தில் எஸ்டர் என்ற பழ மணங்கள் அளவு மீறும், தலைவலி தரும் கனமான ஆல்கஹால்கள் சேரும், சில சமயம் பாதி இலையிலேயே எழுந்து போய்விடும். எழுந்து போனால் பீர் தித்திப்பாக நின்றுவிடும். அதற்குள் காலியாக இருக்கும் இடத்தில் பாக்டீரியா வந்து உட்கார்ந்தால் புளித்த வாளி மிச்சம். அதிகமாகப் போட்டாலும் குற்றம்தான். பெருக வேலையில்லாமல் போவதால் பீர் சப்பென்று இருக்கலாம். ஆனால் வீட்டில் அதிகமாகப் போட்டுக் கெட்டவர்கள் அரிது. கோதுமைப் பீருக்கு வாழைப்பழ மணம் தூக்கலாக வேண்டும் என்று வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

பற்றாக்குறையைத் தீர்க்க இரண்டு வழி. இன்னொரு பை வாங்குவது சுலபம், செலவு. வீட்டிலேயே ஈஸ்ட்டைப் பெருக்குவது சிக்கனம், தொல்லை. இரண்டாவதற்கு ஸ்டார்ட்டர் என்று பேர். தொல்லை பிடித்தவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்குக்கே வருகிறார்கள் என்பதால் பெரும்பாலோர் ஸ்டார்ட்டர் பக்கம்தான்.

ஸ்டார்ட்டர் என்பது ஈஸ்ட்டுக்காகச் செய்யும் குட்டி வோர்ட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் தூள், அதாவது உலர்த்திய மால்ட் சாறு. ஒன்றரை லிட்டருக்கு 150 கிராம். இதைக் கெட்டியாகச் செய்தால் ஈஸ்ட்டுக்குச் சிரமம், நீர்க்கச் செய்தால் பெருகாது. பாத்திரம், கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே கூம்புக் கண்ணாடிக் குடுவை. மால்ட் தூளைக் கொதிக்கும் தண்ணீர்மேல் பிடித்துக் கொட்டுவது பெரிய தவறு. ஆவி பட்ட மாத்திரத்தில் தூள் பிசினாகிக் கரண்டியிலும் விரலிலும் குடுவையின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கும். ஆறின தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுவதே முறை. கூம்பின் கழுத்து குறுகலானதால் கொதி வந்ததும் நுரை சடாரென்று மேலேறிப் பொங்கும். வழிந்தது அடுப்பில் கருகி மிட்டாயாகும். இதற்கு ஹோம்ப்ரூ கடைகளில் விற்கும் நுரையடக்கி இரண்டு சொட்டுப் போதும். அதில் இருப்பது சிமெதிகோன் வகைச் சரக்குதான். வாயுத் தொல்லைக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தையே விடுகிறவர்களும் உண்டு. இங்கே மருந்துக் கடையில் அந்த மருந்தை வாங்குகிறவர் எல்லோருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்க வேண்டும் என்பதில்லை.

பத்து நிமிடக் கொதிக்குப் பிறகு குடுவையின் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஐஸ் போட்ட தொட்டியில் வைத்து 20 டிகிரி செல்சியஸ் வரை ஆற்ற வேண்டும். இந்தக் கணத்திலிருந்து மடி ஆசாரம் ஆரம்பம். கொதித்து இறங்கிய வோர்ட்டைத் தொடப்போகிற எதுவும் கிருமிநாசினியில் முங்கி எழ வேண்டும்: கத்தரிக்கோல், ஈஸ்ட் பையின் வெளிப்புறம், அதைக் கிழிக்கும் விரல் உட்பட. இங்கே எல்லோர் வீட்டிலும் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஸ்டார் சான். இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும், கழுவ வேண்டாம். நுரை மலைபோல் கிளம்பும். அதை அப்படியே விட்டுவிடலாம், கெடுதல் இல்லை. வந்த புதிதில் நுரையைப் பார்த்துப் பதறிக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறவர்கள் செய்த வேலையையெல்லாம் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஈஸ்ட்டை ஊற்றிய குடுவையை அவ்வப்போது கையால் குலுக்கினாலும் பெருகும். இடைவிடாமல் கலக்கினால் இன்னும் நன்றாகப் பெருகும். கலக்கினால் வாயு வெளியேறும், கொஞ்சம் ஆக்ஸிஜன் உள்ளே போகும், செல்கள் அடியில் தூங்காமல் மிதக்கும். இதற்குக் காந்தக் கலக்கி வேண்டும். கடையில் வாங்கலாம். ஆனால் பழைய கம்ப்யூட்டர் விசிறியின் நடுவில், உடைத்த ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்தை ஒட்டி, செல்போன் சார்ஜரைச் சேர்த்து, ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் பொருத்திச் செய்தால்தான் இந்த வட்டாரத்தில் மதிப்பு. மேலே குடுவை, குடுவைக்குள் பிளாஸ்டிக் உறையிட்ட விரல்கடைக் காந்தத் துண்டு. விசிறி சுழலும்போது துண்டும் சுழன்று, வோர்ட்டின் நடுவில் ஒரு சுழிக் குழி விழும். வேகம் கூடினால் துண்டு பிடி விட்டுத் துள்ளிக் கண்ணாடியில் ‘டக் டக்’ என்று அடிக்கத் தொடங்கும். நடுராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து போய் விசிறியை நிறுத்தி மறுபடி தொடங்குவது இந்தக் கலையின் ஒரு பகுதி.

ஒரு நாள், ஒன்றரை நாளில் தெளிந்த பழுப்பு கலங்கி வெளிறும். புதிய பை ஒன்றை ஒன்றரை, இரண்டு லிட்டரில் இப்படிக் கலக்கிவிட்டால் ஏறக்குறைய இருபதாயிரம் கோடி தேறும், ஏலுக்குத் தாராளம். லாகருக்கு இதே சடங்கை இன்னும் பெரிய குடுவையில், அல்லது இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். பெருகி முடிந்ததும் குடுவை ஃபிரிட்ஜுக்குப் போகும். ஒரு நாள் குளிரில் ஈஸ்ட் அடியில் வெள்ளைப் படலமாக இறங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீரை மோந்து பார்த்தாலே ஏன் கொட்ட வேண்டும் என்பது விளங்கும். அது காற்றோடு மல்லுக்கட்டிய மட்டமான பீர். ஒன்றரை லிட்டரை நல்ல பீரில் கலப்பது நியாயமில்லை. மெதுவாகச் சாய்த்து வடித்துவிட்டு, படலத்தைக் கரைக்கும் அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் இந்தக் குடுவைக்கு இடம் பண்ண எந்தச் சட்டியை வெளியே எடுப்பது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனிப் பேச்சுவார்த்தை.

அடுத்தது ஊற்றும் நாள். இங்கே இதைப் பிட்ச் செய்வது என்பார்கள். வோர்ட் கொதித்து இறங்கியதும் செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு ஆற்றுவார்கள். ஏலுக்கு 18 டிகிரி, லாகருக்கு 10 டிகிரி வரை இறங்க வேண்டும். எத்தனை அவசரம் இருந்தாலும் வெதுவெதுப்பான வோர்ட்டில் ஊற்றிவிட்டு அப்புறம் ஆற்றலாம் என்பது சோம்பேறிக் கணக்கு. வேண்டாத மணங்களில் பெரும்பங்கு முதல் ஒன்றிரண்டு நாளில்தான் உருவாகிறது. ஈஸ்ட்டுக்கும் வோர்ட்டுக்கும் சூட்டில் ஐந்தாறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் நல்லதல்ல. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குடுவை சற்று நேரம் மேஜைமேல் இருந்து பழகிக்கொள்வது உத்தமம்.

ஊற்றுவதற்கு முன் வோர்ட்டுக்குக் காற்று வேண்டும். கொதித்த வோர்ட்டில் ஆக்ஸிஜன் அநேகமாக இருக்காது. ஈஸ்ட் தன் செல் சுவருக்கு உள்ளிருக்கும் சவ்வைக் கட்ட ஸ்டீரால்கள் வேண்டும், அவற்றைச் செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். சவ்வு வலுவாக இல்லாத செல் ஆல்கஹாலைத் தாங்காது. ஒரு லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை கரைந்திருப்பது நல்லது. வெறும் காற்றைக் கலந்தால் 8 வரைதான் ஏறும், அதற்குமேல் இயற்கை அனுமதிக்காது. ஏழைகள் 19 லிட்டர் பாத்திரத்தை மடியில் வைத்து ஆட்டி முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். வசதியுள்ளவர்கள் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் சிவப்புக் குட்டி ஆக்ஸிஜன் சிலிண்டரை வாங்கி, நுண்துளை எஃகுக் கல் வழியாக ஒரு நிமிடம் விடுகிறார்கள். இது ஈஸ்ட் வேலையைத் தொடங்கும் முன் மட்டும் செய்கிற காரியம். பிறகு காற்று பட்டால் பீரில் ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும்.

குடுவையைச் சுழற்றி அடிப் படலத்தைக் கலக்கி, வாயைக் கிருமிநாசினியால் துடைத்து, நேரே ஊற்றிவிடலாம். ஒரே எச்சரிக்கை: குடுவைக்குள் காந்தத் துண்டு இருக்கிறது. இன்னொரு காந்தத்தை வெளியே வைத்து அதைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். மறந்தவர்கள் அதைப் பீர் முடிந்த பிறகு வாளியின் அடியில் கண்டெடுப்பார்கள். பீருக்குக் கெடுதல் இல்லை. அதுவரை வீடெல்லாம் தேடிய நேரம்தான் நஷ்டம்.

மூடி, வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டைப் பொருத்தியதும் ஒன்றும் நடக்காது. ஆறு மணி நேரமோ, ஒரு நாளோ இப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கும். அந்த நேரத்தில் ஈஸ்ட் ஆக்ஸிஜனை உள்ளிழுத்துப் பெருகத் தயாராகிறது. மனிதர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அலமாரியைத் திறந்து பார்த்துக் கவலைப்படுகிறார்கள். சரியான எண்ணிக்கையில் ஊற்றியிருந்தால் மறுநாள் காலையில் மேலே நுரை திரளும், காற்றுப்பூட்டு ‘ப்ளப் ப்ளப்’ என்று பேசும். மூன்று நாள் ஆகியும் அசைவில்லை என்றால்தான் இன்னொரு பை தேட வேண்டும்.

நுரை சில ஈஸ்ட்டில் ஓர் அங்குலத்தோடு நிற்கும். கோதுமைப் பீர் ஈஸ்ட் அப்படியல்ல. பாத்திரத்தில் நாலில் ஒரு பங்கு காலி விடாவிட்டால் மேலேறி, காற்றுப்பூட்டின் துளையை ஹாப்ஸ் துணுக்கு அடைக்க, உள்ளே அழுத்தம் ஏறி, மூடி கூரைக்குப் பறக்கும். வாடகை வீட்டின் வெள்ளைக் கூரையில் பழுப்புக் கறை விழுந்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். அதனால் முதல் சில நாட்களுக்குக் காற்றுப்பூட்டை எடுத்துவிட்டு, பருத்த ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் ஊற்றிய புட்டியில் விடுவது விவரமானவர்கள் பழக்கம்.

சூட்டைக் கட்டுப்படுத்துவது தனி வேலை. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். அறையைவிடப் பாத்திரத்தின் உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். கோடையில் பாத்திரத்தைக் குளியல் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, பழைய டி-ஷர்ட்டைப் போர்த்தி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைச் சுற்றி மிதக்கவிடுவது எளிய வைத்தியம். அந்த வாரம் வீட்டார் குளிக்கும் முறை குறித்துத் தனி ஏற்பாடு தேவை. குளிர்காலத்தில் நேர்மாறாக, பாத்திரத்துக்கு அடியில் மின்சாரச் சூட்டு விரிப்பு வேண்டும். தமிழர் வீடுகளில் அந்த விரிப்பு தோசை மாவுச் சட்டிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் இருப்பதும் சகஜம். டிசம்பரில் போர்ட்லாந்து சமையலறையில் மாவு தானாகப் பொங்கி யாரும் பார்த்ததில்லை. பணம் இருப்பவர்கள் பழைய ஃபிரீசர் பெட்டிக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி இரண்டு பருவத்துக்கும் தீர்வு காண்கிறார்கள். லாகர் செய்ய அது இல்லாமல் முடியாது. லாகர் முடியும் தறுவாயில் மட்டும் சூட்டைச் சில டிகிரி ஏற்றிவிட வேண்டும். வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் அப்போதுதான் திருப்பி எடுத்துத் தின்னும்.

ஏல் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் குமிழி நின்று, ஈஸ்ட் அடியில் படியும். பீரைப் புட்டிக்கு மாற்றிய பிறகு அடியில் இருக்கும் அந்த வண்டலை எறிய வேண்டியதில்லை. ஊற்றியதைப் போலப் பல மடங்கு செல்கள் அதில் இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை விட்டுக் கலக்கி, ஹாப்ஸ் கசடு முதலில் அடியில் இறங்கியதும், மேலே மிதக்கும் பாலான பகுதியைக் கிருமிநீக்கிய ஜாடியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே இருப்பது உயிர். வாயு சேர்ந்தால் கண்ணாடி வெடிக்கும். ஜாடிமேல் ஈஸ்ட்டின் நம்பர், எத்தனையாவது தலைமுறை, தேதி மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். எழுதாத ஜாடியை விருந்தாளிகள் மோர் என்று நம்பியது உண்டு.

இப்படி ஐந்தாறு தலைமுறை வரை ஓட்டலாம். அதற்குமேல் அழுக்கும் குணமாற்றமும் சேரத் தொடங்கும். பலமான பீரின் வண்டலை எடுக்காமல் இருப்பது நல்லது, அந்தச் செல்கள் ஏற்கெனவே களைத்தவை. இரண்டு வாரத்துக்குள் அடுத்த பீர் செய்தால் ஜாடியிலிருந்து கால் லிட்டர் அளவுக்கு எடுத்து நேரே ஊற்றிவிடலாம். அதைவிடப் பழையதாகிவிட்டால் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் மால்ட் தூள் என்று மறுபடியும் ஸ்டார்ட்டர் போட வேண்டியதுதான்.

அன்புடன்,
தங்கள் தம்பி மகன்
போர்ட்லாந்து, ஆரிகன்